கருவின் அகவை கண்ட இயன் டொனால்டு

கருவுற்ற மகளிர் தம் நாட்களை விரல்விட்டு எண்ணி வருதல் உலகெங்கும் தொன்றுதொட்டு நிலவி வரும் வழக்கமாகும். பிள்ளையை ஈரைந்து திங்கள் சுமந்து பெறுதல் என்று தமிழர் கூறுவர். இருபத்தெட்டு நாள் கொண்ட திங்கள் பத்தினைக் கூட்டினால் 280 நாட்கள் ஆகும். மேலைநாட்டு மருத்துவர்களும் இந்த எண்ணையே தம் கணக்கிற்கு அடிப்படையாகக் கொண்டனர். ஜெர்மன் நாட்டு மகப்பேற்று மருத்துவரான நெகேலே என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் எளிய விதியைப் பரப்பினார். இறுதி மாதவிலக்குத் தொடங்கிய நாளிலிருந்து மூன்று திங்கள் பின்னோக்கிச் சென்று, அதனோடு ஏழு நாட்களைக் கூட்டிப் பேற்று நாளைக் குறித்தல் வேண்டும் என்பதே அவ்விதி.

இக்கணக்கு எளியது, எனினும் ஐயத்திற்கு இடந்தருவது. அந்த முதல் நாளை மறந்துவிடும் மகளிர் பலர். மாதவிலக்கு எல்லார்க்கும் இருபத்தெட்டு நாட்களுக்கு ஒருமுறை ஒழுங்காக வருவதும் இல்லை. கருவுற்ற பின்னர்ச் சிறிது குருதி தோன்றின், அதனையே மாதவிலக்கு என்று கருதி, ஒரு திங்கள் பிழைபடக் கணக்கிடுவோரும் உளர். மருத்துவர் தாயின் வயிற்றைக் கையால் தொட்டுப் பார்த்துக் கருவின் வளர்ச்சியை மதிப்பிடுவார். அதுவும் ஏறக்குறைய அறிவதேயன்றித் துணிந்து உரைப்பதன்று.

இப்பிழை சிறிதெனத் தோன்றலாம், விளைவு பெரிது. நாள் நிரம்பிவிட்டது என்று பிழையாக எண்ணி, முதிராத குழந்தையை மருத்துவர் பிறப்பிக்கச் செய்தால், அதன் நுரையீரல் மூச்சு விடும் ஆற்றல் பெறாமல் திணறும். நாள் நிரம்பவில்லை என்று பிழையாக எண்ணிக் காத்திருந்தால், நச்சுக்கொடி தளர்ந்து குழந்தை உள்ளேயே நலிவுறும். இவ்விரண்டினுக்கும் இடையே அகப்பட்டு உயிர் நீத்த குழந்தைகள் பல. தாயின் நினைவை மட்டும் நம்பியிராமல், வயிற்றினுள் மறைந்து கிடக்கும் கருவையே அளந்து அதன் அகவையை அறிதல் இயலுமா என்னும் வினாவிற்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விடை கிடைத்தது. அதற்கு வழி திறந்தவர் இயன் டொனால்டு என்னும் மருத்துவப் பேரறிஞர் ஆவார்.

இளமையும் கல்வியும்

இயன் டொனால்டு 1910 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27 ஆம் நாள், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் பகுதியில், லிஸ்கர்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர்தம் முன்னோர் ஸ்காட்லாந்து நாட்டினர். தந்தையார் மருத்துவர், தாயார் பியானோ இசையில் வல்லவர். மக்கள் நால்வருள் இயன் மூத்தவர். அவர் ஸ்காட்லாந்திலுள்ள பள்ளிகளில் பயின்று வருங்கால், தந்தையாரின் உடல்நலம் குன்றியது. அதனால் குடும்பத்தார் தென்னாப்பிரிக்காவிற்குக் குடிபெயர்ந்தனர்.

அங்கே அக்குடும்பத்திற்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. 1927 ஆம் ஆண்டில் தாயும் தந்தையும் சில திங்கள் இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். பதினேழு அகவை கூட நிரம்பாத இயனும், அவருக்கு இளையோர் மூவரும் ஆதரவற்றவர் ஆயினர். வீட்டுப் பணிகளைக் கவனித்து வந்த அம்மையார் ஒருவர் அந்நால்வரையும் கைவிடாது பேணி வளர்த்தார். இயன் மனந்தளராமல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மொழிகளும் இசையும் பயின்று பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்திற்குத் திரும்பி, லண்டன் மாநகரின் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவம் கற்றார். 1937 ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் எய்தினார். அவ்வாண்டிலேயே அலிக்ஸ் என்னும் நங்கையை மணந்தார். அவர்கட்குப் பெண்மக்கள் நால்வர் பிறந்தனர்.

போரில் பெற்ற அறிவு

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது டொனால்டு பிரிட்டிஷ் வானூர்திப் படையில் மருத்துவராகச் சேர்ந்தார். ஒருமுறை குண்டு வீசும் வானூர்தி ஒன்று தீப்பற்றி எரிந்தது. அதனுள் வெடிகுண்டுகள் வெடியாமல் இருந்தன. எந்நொடியும் அவை வெடிக்கக்கூடும் என்பதை அறிந்திருந்தும், டொனால்டு தீயினுள் புகுந்து வீரர்களை வெளியே இழுத்துக் காத்தார். இவ்வருஞ்செயலுக்காக 1946 ஆம் ஆண்டில் அவருக்கு அரசின் விருது வழங்கப்பெற்றது.

படையில் இருந்த நாட்களில் அவர் இரு கருவிகளைப் பற்றி நன்கு அறிந்துகொண்டார். ஒன்று, வானொலி அலைகளை வீசி, தொலைவில் வரும் பகை வானூர்தியைக் காட்டும் ரேடார். மற்றொன்று, நீருக்குள் ஒலியைச் செலுத்தி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறியும் சோனார். ஒலி செல்லும் வேகம் தெரிந்திருந்தால், அது சென்று மீளும் காலத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடலாம். கிணற்றினுள் குரல் கொடுத்து அதன் ஆழத்தை உணரும் சிறுவனின் அறிவும் இத்தகையதே. இவ்வறிவு பிற்காலத்தில் தமக்கு எங்ஙனம் பயன்படப் போகிறது என்பதை டொனால்டு அப்போது அறியார்.

போர் முடிந்தபின் அவர் மகப்பேற்று மருத்துவத்தைத் தம் துறையாகக் கொண்டார். லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் பணியாற்றியபோது, பிறந்தவுடன் மூச்சுவிட இயலாமல் துன்புறும் குழந்தைகளின் நிலை அவர் கருத்தைக் கவர்ந்தது. அவர்களுள் பலர் நாள் நிரம்பாமல் பிறந்தவர்கள். அவர்கட்கு மூச்சு அளிக்கும் கருவிகளைத் தாமே பிறர் துணையுடன் அமைத்தார். இயந்திரங்களில் அவர் கொண்டிருந்த பேரார்வத்தை உடன் பணியாற்றியோர் அனைவரும் அறிவர். முதிராத குழந்தை ஒவ்வொரு மூச்சிற்கும் போராடுவதைக் கண்ணாரக் கண்ட அம்மருத்துவரே, பின்னாளில் கருவின் அகவையை அளந்து அறியும் வழிக்கு வித்திட்டார்.

அந்நாளில் அமெரிக்காவில் பணியாற்றி வந்த ஜான் வைல்டு என்னும் அறுவை மருத்துவர், மீயொலியைக் கொண்டு உடலிலுள்ள கட்டிகளை ஆராய்ந்து வந்தார். மனிதரின் செவிக்கு எட்டாத அளவு மிக விரைவாக அதிரும் ஒலியே மீயொலி எனப்படும். வைல்டு லண்டனில் ஆற்றிய சொற்பொழிவைக் கேட்ட டொனால்டின் உள்ளத்தில் ஒரு புதிய எண்ணம் முளைத்தது.

கொதிகலன் தொழிற்சாலையில் ஒரு சோதனை

1954 ஆம் ஆண்டில் டொனால்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக அமர்த்தப்பெற்றார். கிளாஸ்கோ, கிளைடு ஆற்றங்கரையில் அமைந்த பெருநகர். கப்பல் கட்டும் தளங்களும், பொறி செய்யும் ஆலைகளும் அங்கே மிகுதி. இரும்புத் தகட்டின் உள்ளே கண்ணுக்குப் புலப்படாத விரிசல் இருப்பின், அதனை மீயொலிக் கருவியால் கண்டறியும் முறை அவ்வாலைகளில் வழங்கி வந்தது. இரும்பினுள் மறைந்த குற்றத்தைக் காட்டும் ஒலி, உடலினுள் மறைந்த கட்டியைக் காட்டாதா என்று டொனால்டு சிந்தித்தார்.

நகரை அடுத்த ரென்ஃப்ரூ என்னும் இடத்தில் பாப்காக் அண்டு வில்காக்ஸ் என்னும் கொதிகலன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருந்தது. 1955 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21 ஆம் நாள், டொனால்டு அங்கே சென்றார். அறுவை மருத்துவத்தால் அகற்றப்பட்ட கருப்பைத் தசைக்கட்டிகளும், சூற்பை நீர்க்கட்டிகளும் இரண்டு மோட்டார் வண்டிகளின் பின்பெட்டிகளில் அவருடன் சென்றன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அந்நிறுவனத்தார் பெரிய மாட்டிறைச்சித் துண்டு ஒன்றை வைத்திருந்தனர். கருவியை ஒவ்வொன்றின்மீதும் வைத்துப் பார்த்தனர். நீர் நிறைந்த கட்டியினுள் ஒலி தடையின்றிச் சென்று, அப்பாலுள்ள சுவரில் பட்டுத் திரும்பியது. தசை நிறைந்த கட்டியிலோ எதிரொலிகள் பலவாகத் தோன்றிப் படிப்படியாக மங்கின. இவ்வேறுபாடு ஐயமின்றிப் புலப்பட்டது. டொனால்டு பெருமகிழ்ச்சியுடன் திரும்பினார்.

லண்டனில் மேனியார்டு என்னும் இயற்பியல் அறிஞர் பயன்படுத்தி விட்டிருந்த பழைய கருவி ஒன்று டொனால்டுக்குக் கிடைத்தது. அதனைக் கொண்டு ஆய்வைத் தொடங்கினார். ஆயினும் அக்கருவி உலோகத்திற்கென அமைந்தது; உடலை ஆராய ஏற்றதாக இல்லை. உடலின்மேல் நீர்த்தொட்டியை வைத்து ஒலியைச் செலுத்த முயன்றனர். நீர் சிந்திப் படுக்கை நனைந்ததே கண்ட பயன். உடன் பணியாற்றிய மருத்துவர் சிலர் இம்முயற்சியை நகைத்தனர். டொனால்டு அந்நகைப்பைப் பொருட்படுத்தவில்லை.

பொறியாளர் துணை

இந்நிலையில் 1956 ஆம் ஆண்டில் டாம் பிரவுன் என்னும் இளைஞர் அவரைத் தொலைபேசியில் அழைத்தார். பிரவுன், கெல்வின் அண்டு ஹியூஸ் என்னும் கருவி நிறுவனத்தின் பொறியாளர். அகவை இருபத்து மூன்று அளவினர். தம் நிறுவனத்துக் கருவியைப் பேராசிரியர் ஒருவர் மனிதர்மேல் பயன்படுத்துகிறார் என்று கேள்வியுற்று வியந்து அழைத்தார். நேரில் வந்து கண்டபோது, கருவியின் குறையை உடனே உணர்ந்தார். சீரிய கருவி ஒன்றை வரவழைத்துத் தந்தார். அதனோடு அமையாது, ஒலி காட்டும் குறிகளைத் தொகுத்து உடலின் உட்பகுதியை ஒரு படமாகவே திரையில் காட்டும் புதிய கருவியையும் அமைத்தார். அதன்பின் நீர்த்தொட்டி வேண்டியதில்லை ஆயிற்று. வயிற்றின்மேல் ஆலிவ் எண்ணெயைத் தடவி, ஒலி எழுப்பும் முனையைத் தோலின்மீது நேரே வைத்து நகர்த்தினாற் போதும்.

ஜான் மெக்விகார் என்னும் இளம் மருத்துவரும் இவர்களுடன் சேர்ந்தார். மூவரும் இரவு பகல் பாராது உழைத்தனர். மருத்துவர்க்குப் பொறியியலும், பொறியாளருக்கு மருத்துவமும் முதலில் விளங்கவில்லை. நாளடைவில் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுத் தெளிந்தனர்.

அக்காலத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி அவர்கள் முயற்சிக்குப் பெருந்துணையாயிற்று. மருத்துவமனையில் ஒரு பெண்மணி வயிறு பெரிதும் வீங்கிய நிலையில் கிடந்தார். இரைப்பையில் தீராத புற்றுநோய் என்றும், அதனால் வயிற்றில் நீர் கோத்துள்ளது என்றும், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றும் மருத்துவர் முடிவு செய்திருந்தனர். டொனால்டு தம் கருவியை அவ்வம்மையார் வயிற்றின்மேல் வைத்துப் பார்த்தார். பரவிக் கிடக்கும் நீருக்குரிய குறிகள் தோன்றவில்லை. சுவர் சூழ்ந்த பெரிய நீர்க்கட்டி ஒன்றின் குறிகளே தோன்றின. அறுவை செய்து பார்த்தபோது அது சூற்பையில் எழுந்த தீங்கற்ற கட்டி என்பது தெரிந்தது. கட்டி அகற்றப்பட்டது, அம்மையார் நலம்பெற்று வீடு திரும்பினார். ஒலி ஓர் உயிரைக் காத்தது கண்டபின், நகைத்தவர்களும் நகைப்பை நிறுத்தினர்.

1958 ஆம் ஆண்டு ஜூன்த் திங்களில், டொனால்டும் மெக்விகாரும் பிரவுனும் இணைந்து எழுதிய கட்டுரை, புகழ்பெற்ற லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. மீயொலியால் பெற்ற உட்படங்கள் பல அதில் இடம்பெற்றன. தாயின் வயிற்றினுள் இருக்கும் கருவின் படமும் அவற்றுள் ஒன்று.

இதே காலத்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலிஸ் ஸ்டூவர்ட் என்னும் மருத்துவப் பெண்மணி, கருவுற்ற தாயின் வயிற்றை எக்ஸ் கதிரால் படம் எடுத்தால், பிறக்கும் குழந்தைக்குப் பின்னர்ப் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு மிகுகிறது என்பதை ஆராய்ந்து கூறினார். அதுவரை கருவைக் காண மருத்துவர்க்கு இருந்த கருவி எக்ஸ் கதிர் ஒன்றே. ஆதலின், கதிர் இன்றி ஒலியாலேயே கருவைக் காணும் முறையின் அருமை மேலும் விளங்கலாயிற்று.

தலையை அளந்த முறை

கருவின் மண்டையோடு ஒலியைத் தெளிவாகத் திருப்புவதை 1959 ஆம் ஆண்டளவில் டொனால்டு கண்டார். தலையின் ஒரு பக்கத்து எலும்பில் ஓர் எதிரொலியும், மறுபக்கத்து எலும்பில் மற்றோர் எதிரொலியும் எழுகின்றன. இரண்டிற்கும் இடைப்பட்ட காலம் தலையின் அகலத்தைக் காட்டும். உடலின் மென்தசைகளில் ஒலி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 1540 மீட்டர் தொலைவு செல்லும். ஆகவே ஒரு வினாடியைப் பத்து இலட்சமாகப் பகுத்து, அப்பகுதிகளை எண்ணும் மின்கருவி இருந்தால், தலையின் அகலத்தை மில்லிமீட்டர் அளவில் சொல்லிவிடலாம்.

ஜேம்ஸ் வில்லாக்ஸ் என்னும் மருத்துவர் கிளாஸ்கோவில் இம்முறையைத் தொடர்ந்து வளர்த்தார். ஸ்டூவர்ட் கேம்பல் என்பவர், தலையின் சரியான குறுக்கு வெட்டை முதலில் படமாகக் கண்டு, பின்னர் அளக்கும் செம்மையான முறையை 1968 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இருபதாவது வாரத்தில் கருவின் தலையகலம் ஐந்து சென்டிமீட்டருக்குச் சிறிது குறைவாக இருக்கும்; பேற்றுக் காலத்தில் ஒன்பதரை சென்டிமீட்டர் அளவை எட்டும். தலையகலத்தைக் கொண்டு கருவின் அகவையை மதிப்பிடும் வழி இவ்வாறு பிறந்தது.

ஆனால் இங்கே ஓர் இடர் இருந்தது. கரு வளர வளர ஒன்றற்கொன்று வேறுபடும். ஒரே அகவையினராகிய பள்ளிச் சிறுவருள் நெடியோரும் குறியோரும் இருப்பது போல, ஒரே வாரத்துக் கருக்களுள்ளும் பெரியனவும் சிறியனவும் உண்டு. குடும்பத்து உடலமைப்பு, தாயின் உணவு, நோய் ஆகியவை கருவின் அளவை மாற்றும். முப்பத்திரண்டாம் வாரம் என்று எண்ணப்படும் ஒரு கரு சிறிதாகக் காணப்பட்டால், அது உண்மையில் அகவை குறைந்த நலமுள்ள கருவா, அல்லது அகவை நிரம்பியும் ஊட்டமின்றி மெலிந்த கருவா என்பதை அந்த ஓர் அளவு மட்டும் சொல்லாது. முன்னதைத் தொடாமல் விட்டுவைத்தல் வேண்டும். பின்னதை விரைந்து காத்தல் வேண்டும். எனவே, வேறுபாடுகள் தோன்றுவதற்கு முன், கரு மிக இளையதாக இருக்கும்போதே அளந்தாக வேண்டும் என்பது தெளிவாயிற்று.

தொடக்கத்திலேயே கருவைக் காணல்

கருவுற்ற தொடக்க வாரங்களில் கருப்பை இடுப்பெலும்புக் கூட்டினுள் ஆழ்ந்து கிடக்கிறது. அதன் முன்னே குடல் மறைத்து நிற்கும். குடலிலுள்ள காற்று ஒலியைச் செல்லவிடாமல் தடுத்துவிடும். இவ்விடரைக் கடக்க டொனால்டு கண்ட வழி மிகவும் எளியது. தாயின் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது அது குடலை மேலே தள்ளிவிடுகிறது. நிறைந்த நீரினூடே ஒலி தடையின்றிச் செல்கிறது. 1963 ஆம் ஆண்டில் இவ்வுண்மையை அவர் பயன்படுத்திக் காட்டினார். இருண்ட வீட்டிற்குச் சாளரம் திறந்தாற் போன்றதாயிற்று அது. கருவுற்ற தொடக்க வாரங்களிலேயே கருப்பையினுள் சிறு வளையம் போல் கருப்பொதி தோன்றுவதை மருத்துவர் காணலாயினர். வயிற்றைச் சோதித்துக் கொள்ள வரும் மகளிரை நீர் நிறையப் பருகி வருமாறு மருத்துவமனைகளில் கூறும் வழக்கம் இதனால் எழுந்ததே.

1964 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் குயின் மதர்ஸ் மருத்துவமனை திறக்கப்பெற்றது. அம்மகப்பேற்று மருத்துவமனை அமைவதற்கு டொனால்டு பெரிதும் பாடுபட்டவர். அங்கே ஜான் ஃபிளெமிங் முதலிய பொறியாளர்கள் கருவிகளை மேன்மேலும் திருத்தி அமைத்தனர்.

அம்மருத்துவமனையில் பணியாற்றிய ஹியூ ராபின்சன் என்னும் இளம் மருத்துவர், டொனால்டு திறந்த வழியில் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தார். கருவின் தலையுச்சி முதல் பிட்டம் வரையுள்ள நீளத்தை அளந்து அகவையைக் கணக்கிடும் முறையை அவர் 1973 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். தொடக்க வாரங்களில் கருவின் கால்கள் மடங்கிக் கிடக்கும். ஆதலின் அவை கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. அந்நாளைய கருவி, அசையும் உருவைத் தொடர்ந்து காட்டுவதன்று. ஒவ்வொரு படமாகவே தரும். கருவோ அசைந்து கொண்டே இருக்கும். ஆகவே அடுத்தடுத்துப் பல வெட்டுத் தோற்றங்களை எடுத்து, உச்சியும் பிட்டமும் ஒருங்கே தெரியும் மிக நீண்ட தோற்றத்தைத் தேடிப் பிடித்து அளத்தல் வேண்டும். இதற்குப் பொறுமை மிகுதியும் வேண்டப்பட்டது.

மாதவிலக்கு நாளை ஐயமற அறிந்த மகளிரின் கருக்களை இங்ஙனம் அளந்து, எந்நாளில் எந்நீளம் என்பதை ராபின்சன் வரைபடமாக்கினார். எட்டாவது வார நிறைவில் கருவின் நீளம் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். பத்தாவது வார நிறைவில் 31 மில்லிமீட்டர் அளவு. பன்னிரண்டாவது வார நிறைவில் 54 மில்லிமீட்டர். அதாவது இக்காலத்தில் கரு நாள்தோறும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வளர்கிறது. ஒருநாள் வளர்ச்சியே அளவில் தெரிவதால், நீளத்தைக் கொண்டு நாளைச் சொல்லுதல் இயல்வதாயிற்று. மேலும், இவ்விளம் பருவத்தில் நலமுள்ள கருக்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே சீராக வளர்கின்றன. நெடியோர் பிள்ளை, குறியோர் பிள்ளை என்னும் வேறுபாடு இன்னும் தலைகாட்டாத காலம் அது.

1975 ஆம் ஆண்டில் ராபின்சனும் ஃபிளெமிங்கும் இம்முறையின் பிழை எவ்வளவு என்பதைத் தாமே ஆராய்ந்து வெளியிட்டனர். ஒரே ஒருமுறை அளந்தால், நூற்றுக்கு 95 கருக்களில் பிழை ஐந்து நாட்களுக்குள் அடங்கும். மூன்று முறை தனித்தனியே அளந்தால் அது மூன்று நாட்களுக்குள் அடங்கும். தம் முறையின் சிறப்பை மட்டும் கூறாமல், அதன் குறையையும் அளந்து கூறிய இந்நேர்மை அறிவியலாளர்க்கு அணிகலன் ஆகும்.

உலகு பெற்ற பயன்

கருவின் அகவையைத் தொடக்கத்திலேயே உறுதி செய்துவிட்டால், பின்னர் வரும் ஐயங்கள் பல தாமே நீங்கும். நாள் உறுதியாகத் தெரிந்த கரு, பின்னைய திங்களில் சிறிதாகக் காணப்பட்டால், அது ஊட்டமின்றி மெலிகிறது என்று மருத்துவர் துணிந்து காக்க முற்படுவார். நாள் கடந்துவிட்டது என்று தாய் அஞ்சினாலும், முதல் அளவு நாள் கடக்கவில்லை என்று காட்டினால், குழந்தை முதிரும் வரை மருத்துவர் பொறுத்திருப்பார். குறைப்பேறு நேரும்போது, பிறக்கும் குழந்தைக்கு எத்தனை வார வளர்ச்சி என்பதை அறிந்து, அதற்கேற்ற மருத்துவத்தை முன்னரே ஆயத்தம் செய்வர்.

பிற்காலத்தில், கருவின் அசைவை அப்போதைக்கப்போது திரையில் காட்டும் கருவிகள் தோன்றியபின் அளத்தல் மிகவும் எளிதாயிற்று. கருவிகள் மாறினும் அடிப்படை மாறவில்லை. கருவுற்ற முதல் மூன்று திங்களில் உச்சி முதல் பிட்டம் வரை அளந்து அகவையை உறுதி செய்தலே மிகத் துல்லியமான வழி என்று இன்றும் மருத்துவர் கொள்கின்றனர். அக்காலம் கடந்தபின் தலை முதலிய பிற உறுப்புகளை அளப்பர். வாரங்கள் செல்லச் செல்லப் பிழையும் மிகும். கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் இருபத்து நான்காவது வாரத்திற்கு முன் ஒருமுறையேனும் மீயொலிச் சோதனை செய்தல் வேண்டும் என்று 2016 ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. கருவின் அகவையை அறிதல் அதன் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று. ஆராய்ச்சி மனைகள் நிறைந்த நாட்டுப் பெண்டிர்க்கு மட்டுமன்றி, நாட்குறிப்பு வைத்தறியாத ஏழை எளிய தாயர்க்கும் இதனால் விளையும் நன்மை பெரிது.

பண்பும் முடிவும்

டொனால்டு உயர்ந்த மேனியர், செந்நிற முடியினர், விரைந்து பேசுபவர், விரைந்து சினப்பவர், எனினும் நோயாளரிடத்தில் மிகுந்த பரிவுடையவர். பியானோ வாசித்தலும், ஓவியம் தீட்டுதலும், பாய்மரப் படகு செலுத்துதலும் அவர்க்கு விருப்பமானவை. தாம் கண்ட முறையால் கருவிற்குத் தீங்கு நேருமோ என்னும் கவலை அவருக்கு முதலிலிருந்தே இருந்தது. ஆகவே மனிதரிடத்தில் பரவலாகப் பயன்படுத்துமுன், இளம் விலங்குகளிடத்தில் ஒலியைச் செலுத்திச் சோதித்தார். மருத்துவத்தில் பயன்படும் அளவிலான ஒலியால் கருவிற்குத் தீங்கு விளைந்ததாக இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை. எனினும் தேவை இருக்கும்போது மட்டுமே அதனைப் பயன்படுத்துதல் வேண்டும் என்பது மருத்துவர் கொள்கை.

பிறர் நலம் காத்த அப்பெரியாரின் இதயம் நலமுடையதாக இல்லை. இதயத்து அடைப்பிதழ் நோயால் அவர் நெடுநாள் துன்புற்றார். மும்முறை பெரிய அறுவை மருத்துவத்திற்கு உட்பட்டார். ஒவ்வொரு முறையும் உடல் தேறியவுடன் மீண்டும் பணிக்குத் திரும்பினார். 1973 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு அவருக்கு உயரிய விருதளித்துச் சிறப்பித்தது. 1976 ஆம் ஆண்டில் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். பின்னர் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள பேகிள்ஷம் என்னும் சிற்றூரில் வாழ்ந்து, 1987 ஆம் ஆண்டு ஜூன்த் திங்கள் 19 ஆம் நாள், தமது எழுபத்தாறாம் அகவையில் இயற்கை எய்தினார். அவர் பாடுபட்டு எழுப்பிய குயின் மதர்ஸ் மருத்துவமனையும் 2010 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அங்கே பிறந்த முறை மட்டும் உலகெங்கும் பரவி நிலைபெற்றுள்ளது.

இவ்வரும்பணி ஒருவரால் மட்டும் முடிந்ததன்று. மருத்துவர் கேட்ட வினாவிற்குப் பொறியாளர் விடை தேடினார். ஆசிரியர் திறந்த வழியில் இளையோர் மேலும் நடந்தனர். கொதிகலன் ஆலையில் இரும்பைச் சோதித்த கருவி, மகப்பேற்று மனையில் உயிரைக் காக்கும் கருவியாயிற்று. எத்தொழிலில் பிறந்த அறிவாயினும் அது மக்கள் துயர் துடைக்கப் பயன்படுமா என்று நோக்குதல் டொனால்டு வாழ்க்கை கற்பிக்கும் பாடமாகும். இன்று உலகில் எண்ணற்ற தாயர், தம் வயிற்றில் வளரும் மகவின் அகவையை நாள் தவறாமல் அறிந்து அச்சம் நீங்குகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் டொனால்டின் பெயரைக் கேட்டறியார். எனினும் அவர்கள் பெறும் அமைதியில் அப்பெரியார் உழைப்பின் பயன் என்றும் கலந்துள்ளது.